குற்றாலம் ரோட்டில் பறக்கும் தம்பி... ரேஸ் டிராக் இங்கே இல்லை!

போன ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சீசன் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு முழுக்க பைக். கேரளா வண்டி, மதுரை வண்டி, நம்ம ஊர் வண்டி என வரிசைகட்டிப் போகின்றன. சாரலில் நனைந்த ரோட்டில் ஒருவன் முன்சக்கரத்தைத் தூக்குகிறான். பின்னால் உட்கார்ந்திருப்பவன் செல்போனில் படம் பிடிக்கிறான். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி பிடித்துக்கொண்டார். “ஏட்டி, நீதான் பத்திரிகையில இருக்கியே. இவங்கிட்ட நாலு வார்த்தை சொல்லு. பிளஸ் டூ படிக்கான். எப்பப் பாரு பைக்கு, பைக்குன்னே கெடக்கான். இவன் கூட்டாளி ஒருத்தன் கால ஒடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்கான், பாத்துக்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டே இருந்தான். சித்தி அடுப்படிக்குப் போன பிறகு மெதுவாகக் கேட்டான். “யக்கா, எனக்கு வீலிங் எல்லாம் வேண்டாம்க்கா. நெசமாவே ரேஸர் ஆவணும். அதுக்கு எங்க போவணும்? அதுல சோறு கெடைக்குமா?”

நாலு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், அவன் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க அதைத்தான் தேடினேன். பிள்ளைகளும் படிக்கலாம், பெற்றோரும் படிக்கலாம்.

டிராக் எங்கே?

நம் தமிழ்நாடுதான் இந்திய பைக் ரேஸின் தாய்வீடு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் ரேஸ் நடந்தது. அதைப் பார்க்கப் பெரிய கூட்டம் கூடும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துகிறது. இன்னொன்று கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ல் வந்தது. இந்திய மோட்டார் ரேஸின் முன்னோடிகளில் ஒருவரான கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தென்காசியிலிருந்து கோவை 300 கிலோமீட்டருக்கு மேல். இருங்காட்டுக்கோட்டை அதைப்போல இரண்டு மடங்கு. பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து போக வேண்டும். சென்னைப் பையனுக்கு ஒரு மணி நேரப் பயணம். நம் பையனுக்கு ஒரு ராத்திரி. அதனால்தான் குற்றாலம் ரோடும், புளியரை மலைப்பாதை வளைவுகளும் இங்கே ‘டிராக்’ ஆகிவிடுகின்றன.

ரோட்டில் வேகமாகப் போகிறவனுக்கும் ரேஸருக்கும் வித்தியாசம் என்ன? டிராக்கில் எதிரே வண்டி வராது. மாடு குறுக்கே போகாது. வளைவில் விழுந்தால் உருண்டு போக இடம் விட்டிருப்பார்கள். ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நிற்பார்கள். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது, சிவப்புக் கொடி காட்டினால் ரேஸ் நிறுத்தம். முழுமுகம் மூடும் ஹெல்மெட், உடல் முழுக்கத் தோல் சூட், கையுறை, பூட்ஸ், முதுகெலும்புக் கவசம் எல்லாம் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். ‘எவ்வளவு வேகமாகப் போகிறாய்’ என்பதைவிட, ‘எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறாய்’ என்பதைத்தான் அங்கே முதலில் சொல்லித் தருவார்கள்.

பூஞ்சிட்டு மாதிரிதான்!

“ரேஸ் பைக் லட்சக்கணக்குல ஆவுமேக்கா” என்றான் தம்பி. உண்மைதான். ஆனால் ஒரு வழி இருக்கிறது.

நம் பக்கம் கோயில் கொடைக்கு மாட்டுவண்டிப் பந்தயம் விடுவார்களே, அதில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே ஓட விடுகிறார்கள்? பைக் ரேஸிலும் இன்ஜின் அளவை வைத்து அப்படித்தான் பிரிக்கிறார்கள். அதற்குள்ளேயே ‘ஒன்-மேக்’ என்று ஒரு வகை உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக். கம்பெனியே தரும். பணக்காரப் பையன் பைக்கும் ஏழைப் பையன் பைக்கும் ஒன்றுதான். ஓட்டுகிற கையில்தான் வித்தியாசம்.

ஓசூரின் டி.வி.எஸ். கம்பெனி பல ஆண்டுகளாக இப்படி ஒன்-மேக் போட்டி நடத்துகிறது. அதில் புதுமுகங்களுக்குத் தனிப் பிரிவு, பெண்களுக்குத் தனிப் பிரிவு. ஹோண்டா 2018-ல் ‘இந்தியா டேலன்ட் கப்’ தொடங்கியது. ராயல் என்ஃபீல்டு 2021-ல் ‘கான்டினென்டல் ஜி.டி. கப்’ தொடங்கியது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 2022-ல் மினிஜிபி போட்டி இந்தியாவுக்கு வந்தது. பெரும்பாலும் முதலில் தேர்வுச் சுற்று நடக்கும். தேறினால் உள்ளே போகலாம். அதற்கு முன்னால் ஒரு ரேஸ் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொண்டு, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற தேசிய அமைப்பிடம் போட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

இதைச் சொன்னதும் தம்பி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். அந்தக் கையெழுத்துதான் அவனுக்கு முதல் ரேஸ்!

போனவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

சென்னையின் ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் இருவரும் பலமுறை தேசிய சாம்பியன்கள். தமிழ்நாட்டின் சரத்குமார் (நடிகர் இல்லை!) 2011-ல் 125 சி.சி. உலக சாம்பியன்ஷிப் போட்டியில் இறங்கினார். அந்த மேடைக்குப் போன முதல் இந்தியர் அவர். சென்னையின் ராஜீவ் சேது, கவின் குவின்டல் ஆகியோர் ஆசிய சாம்பியன்ஷிப் வரை போனவர்கள். பெண்களும் பின்தங்கவில்லை. பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸே 2019-ல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றார்.

நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்தவர் ஹரித் நோவா. மண் டிராக்கில் பைக்கோடு எகிறிக் குதிக்கும் சூப்பர்கிராஸ் போட்டிகளில் வளர்ந்தவர். 2024 ஜனவரியில், உலகின் கடினமான பந்தயம் என்று சொல்லப்படும் டக்கார் ராலியில் ‘ராலி 2’ பிரிவில் முதலிடம் பிடித்தார். ஆனால், அடுத்த ஆண்டு அதே டக்காரின் தொடக்கத்திலேயே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து வெளியேறினார். ஒரு வருடம் உச்சம், அடுத்த வருடம் மாவுக்கட்டு. இந்தத் தொழிலின் இரண்டு பக்கமும் அவர் கதையிலேயே இருக்கிறது.

சோறு கிடைக்குமா? கம்பெனி அணியில் இடம் பிடித்தால் கிடைக்கும். அந்த இடங்கள் நாடு முழுக்கவே கைவிட்டு எண்ணுகிற அளவுதான். அதுவரை செலவுதான். பயிற்சி, பயணம், கவசம், விழுந்தால் வைத்தியம் என்று கைக்காசு கரையும். 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி முதல்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, நம் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். அடுத்த ஆண்டு அந்தப் போட்டி இங்கே நடக்கவே இல்லை.

இங்கிலாந்திலும் இதே கேள்வி

கோவை டிராக்கின் பெயரில் ‘ஸ்பீட்வே’ இருக்கிறதல்லவா? இங்கிலாந்தில் ஸ்பீட்வே என்றால் வேறு. முட்டை வடிவ மண் டிராக். நான்கு பேர், நான்கு சுற்று. பைக்கில் பிரேக்கே கிடையாது! வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

1928-லிருந்து அங்கே இந்தப் போட்டி நடக்கிறது. டாய் வொஃபின்டன் 2013, 2015, 2018 என மூன்று முறை உலக சாம்பியன். 2021-ல் பிரிட்டன் அணி ‘ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்’ பட்டத்தையும் வென்றது. ஆனால், வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ ஆகிய ஊர்களில் 2023-ஓடு ஸ்பீட்வே நின்றுபோனது. முன்னணி பிரிட்டிஷ் வீரர்கள் நல்ல சம்பளத்துக்குப் போலந்து லீகுக்குப் போகிறார்கள். சாம்பியன்கள் இருந்தும் உள்ளூர் டிராக் மூடினால், அடுத்த பையன் எங்கே போய்ப் பழகுவான் என்பதுதான் அங்கேயும் கேள்வி. நமக்கு மூடுவதற்குக்கூட ஒரு டிராக் இல்லை.

ஒரு பெயரை மறக்கக் கூடாது

இதை எழுதாமல் விட்டால் தப்பு. 2023 ஆகஸ்ட் 5. இருங்காட்டுக்கோட்டையில் தேசிய சாம்பியன்ஷிப் சுற்று. பெங்களூருவைச் சேர்ந்த 13 வயது ஷ்ரேயாஸ் ஹரீஷ் புதுமுகங்களுக்கான ரேஸில் இறங்கினான். அந்த சீசனில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளை. ரேஸ் தொடங்கிய சற்று நேரத்தில் வளைவில் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அந்த வாரத்தின் மீதி ரேஸ்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன.

2021-ல் ஐரோப்பாவில் 14, 15, 19 வயதில் மூன்று பையன்கள் ஒரே ஆண்டில் டிராக்கில் இறந்தார்கள். அதன் பிறகு உலக சாம்பியன்ஷிப்பில் இறங்க 18 வயது ஆக வேண்டும் என்று 2023-லிருந்து விதியை மாற்றினார்கள். ஒரு சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

டாக்டரும் ஆம்புலன்ஸும் இருக்கிற இடத்திலேயே உயிர் போகிறது என்றால், ஐந்தருவி ரோட்டில் விழுகிறவனுக்கு யார் கொடி காட்டுவார்கள்?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ‘சும்மா பால் வாங்கப் போறான்’ என்று சாவியைக் கொடுக்கிற அப்பாக்களே, கவனம்!

சித்திக்கும் தம்பிக்கும்

தம்பி, உன் ஆசையில் தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார். நூறு பேர் டிராக்கில் இறங்கினால், அதை நம்பிப் பிழைப்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அதனால் படிப்பை விடாதே. ஆட்டோமொபைல் டிப்ளமோவோ இன்ஜினீயரிங்கோ படித்தால், ரைடர் ஆகாவிட்டாலும் ரேஸை விட்டுப் போக வேண்டியதில்லை. ஒரு ரைடருக்குப் பின்னால் மெக்கானிக், இன்ஜின் டியூன் பண்ணுகிறவர், வேகக் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறவர், பயிற்சியாளர் என்று ஒரு கூட்டமே வேலை செய்கிறது. கொடி காட்டும் மார்ஷலாகத் தொண்டு செய்து உள்ளே நுழைந்தவர்களும் உண்டு.

சித்தி, ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் அவன் ரோட்டுக்குத்தான் போவான். ‘எங்கே, எப்படி, எந்த வயதில்’ என்று சேர்ந்து உட்கார்ந்து பேசினால் காத்திருப்பான்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார் ரேஸ் நடத்திக் காட்டினோம். பெருமைதான். தெற்கே தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, குமரி நான்கு மாவட்டத்துக்கும் பொதுவாக, தரமான ஒரு சின்ன பயிற்சி டிராக் போட முடியாதா? மண் டிராக்காக இருந்தாலும் போதும். ஒரு பயிற்சியாளர், ஒரு ஆம்புலன்ஸ், பத்து சின்ன பைக். ரோட்டில் சாகசம் செய்கிறவர்களில் பாதிப் பேராவது அங்கே போவார்கள் என்று நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் பார்டர் பரோட்டா வாங்கி வந்து மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சுவார்த்தை முடிவு இதுதான்: லைசென்ஸ் வாங்கும் வரை வண்டிச் சாவி சித்தியிடம். கூட்டாளிகளோடு மலைப்பாதைக்குப் போகக் கூடாது. பரீட்சை முடிந்ததும் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரேஸ் பார்க்கப் போகலாம், முதலில் பார்வையாளராக மட்டும்.

“பொதிகையில மூணு டிக்கெட் போடு” என்றார் சித்தி.

“மூணு எதுக்கும்மா? நானும் அக்காவும்தான...”

“ஏன்டே, நான் வந்து பாக்க வேண்டாமா? எங்க கையெழுத்துப் போடப் போறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”

தம்பி பரோட்டாவைப் பிய்த்தபடியே இருந்தான். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு. அவனைப் பொறுத்தவரை முதல் சுற்று ஜெயித்தாயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு ‘ரேஸர்’ இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், கண்ணாடியில் மாட்டித் தொங்க வேண்டாம்!