முதுகில்லாத ஸ்டூலும் என் நெஞ்சு வலியும்

"சேச்சி, கடையில எப்படி இருப்பீங்களோ, அதே மாதிரி இருந்து காட்டுங்க" என்றார் அந்த இளம் டாக்டர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கழுத்து தானாக முன்னால் போனது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின. இடது பக்கம் திரும்பி, இல்லாத கம்ப்யூட்டரில் இல்லாத பில்லை அடித்துக் காட்டினேன். 14 வருடப் பழக்கம், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கும் பில்லும் என் வேலை. திவான் ராஜா கேசவதாசன் காலத்துச் சந்தை அது. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் தெருவில் கடைகள் எல்லாம் ஒடுக்கம். அரிசி மூட்டைக்கும் வெல்லப் பெட்டிக்கும் நடுவே கிடைத்த இடத்தில் மேஜை, அதற்கும் இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சாய முதுகு கிடையாது. கம்ப்யூட்டர் திரை இடது ஓரத்தில், என் நெஞ்சு உயரத்தில்.

ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் எங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அந்தப் பத்து நாளைத் தொடங்கி வைக்கும் அத்தம் முடிந்து நாலாவது நாள் ராத்திரி, நெஞ்செலும்புக்கு இடது பக்கம் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. மூச்சை இழுத்தால் குத்தியது. "வாய்வுதான் மக்களே" என்று மாமியார் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்தேன். என் அப்பா 52 வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அது தெரிந்தும் ஒரு நாள் முழுக்க வாய்வு என்றே நம்பினேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. நெஞ்சு வலி வந்தால், அதிலும் வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று ஏதாவது சேர்ந்தால், முதலில் ஈசிஜி. சுக்கும் சீரகமும் பிறகு. வலி எலும்பிலா இதயத்திலா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

அந்த ஒரு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது எனக்கு ஈசிஜி சரியாக இருந்தது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, அதுவும் சரி. அதன் பிறகுதான் அந்த இளம் டாக்டர் கட்டை விரலால் என் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கத்திவிட்டேன். "இந்த வலிதானா?" அதே வலி.

நமக்கு 12 ஜோடி விலா எலும்புகள். மேலே உள்ள ஏழு ஜோடிகளும் குருத்தெலும்பு வழியாக நேரே நெஞ்செலும்பில் சேர்கின்றன. அந்தச் சேர்க்கைகள் புண்பட்டு வலிப்பதை காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்கிறார்கள். கனம் தூக்குவது, விடாத இருமல் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. கூனி உட்காருவதும் அதற்கு வழி செய்யலாம் என்று சிலர் கருதுகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்தால் மார்புத் தசைகள் குறுகுகின்றன, மேல்முதுகு இறுகுகிறது. பின்னால் அசைய வேண்டிய விலா மூட்டுகள் சரியாக அசையாவிட்டால் முன்னால் உள்ளவை அந்தப் பாட்டையும் சேர்த்துப் படுகின்றன என்பது அவர்கள் விளக்கம். மூச்சு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 முறை வந்து போகிறது, ஓய்வு எங்கே? கூனினால் கழுத்துக்கும் சுமை கூடும். தலையின் கனம் சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் பாரம் 27 கிலோ அளவுக்கு ஏறும் என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார். கூனி உட்காருகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை. மணிக்கணக்கில் ஒரே நிலையில் மாட்டிக்கொள்வதுதான் பெரிய கேடு.

கேரளத்தில் கடைத் தொழிலாளிகளுக்கு உட்காரும் உரிமை 2018-ல் சட்டமானது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' அமைப்பில் சேர்ந்து வருடக்கணக்காகப் போராடி வாங்கியது அது. தமிழ்நாடு 2021-ல் அதே வழியில் சட்டம் திருத்தியது. கால் கடுக்க நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நானும் முதல் இரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவள்தான். ஆனால் சட்டம் கேட்கும் பொருத்தமான இருக்கை என்றால் என்ன? பல கடைகளில் அது என்னுடையதைப் போன்ற ஸ்டூலாகவே இருக்கிறது. சாய முதுகு, தரையில் படும் பாதம், கண்ணுக்கு நேரே திரை, இடையிடையே எழுந்து நடக்க ஐந்து நிமிடம்: இத்தனையும் விதியில் எழுதப்பட வேண்டும், ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி அதைப் பார்க்க வேண்டும். 1990-ல் சித்திரா என்ற செயற்கை இதய வால்வை மனித நெஞ்சில் பொருத்திக் காட்டிய ஊர் எங்கள் திருவனந்தபுரம். நெஞ்சுக்காக அவ்வளவு பாடுபட்ட ஊருக்கு ஒரு நல்ல நாற்காலி எட்டாத காரியமா?

டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஈசிஜி சரியாக இருந்தால் "வாய்வு" என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். என்ன வேலை, எப்படி உட்காருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என்னைக் கேட்டவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய பேரேடுகள் நாலை அடுக்கித் திரையை உயர்த்தி என் முகத்துக்கு நேரே வைத்தேன். முதலாளி ஒரு மூட்டை வரிசையை நகர்த்திச் சாய்வு நாற்காலிக்கு இடம் கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, தினமும் வாசல் நிலையில் இரு கைகளையும் ஊன்றி மார்பை முன்னால் தள்ளி நிற்கிறேன். ஆறு வாரத்தில் வலி விட்டது.

என் பழைய ஸ்டூல் இப்போது எடை மேஜைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போன மாதம் சேர்ந்த 22 வயதுப் பெண் அதில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறாள். அவளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்று திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்கப் போகிறேன்.