தார் ஆறுவதற்குள்

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக் கொள்வதைத் தருமம் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் அதற்குத் திட்டம் என்று பெயர்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் சைக்கிள் கொடுக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த இந்தக் காரியம், பிற்பாடு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் உரியதாயிற்று. நல்ல காரியம். ஆனால், அந்தப் பெண் சைக்கிளை எங்கே ஓட்டுவாள் என்று எவராவது யோசித்ததுண்டா? பல்லாவரத்திலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் அவளுக்கென்று விடப்பட்டிருப்பது, தண்ணீர் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழ இடம். அந்த ஒரு முழத்திலும் யாரோ ஒருவர் காரை நிறுத்திவிட்டுப் போயிருப்பார்.

இந்தப் புறநகர்ச் சாலைகளை நாம் திருத்தாமல் விட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தார் போட்டுக் கொண்டேதான் இருக்கிறோம். முன்பெல்லாம் பழையதன் தலையிலேயே புதியதைக் கொட்டினார்கள். சாலை உயர்ந்தது, வீடுகள் பள்ளத்துக்குப் போயின. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுத வேண்டியிருந்தது. போகட்டும். ரோலர் ஓடிப்போன மறுநாள் காலையில் அந்தச் சாலையைப் பாருங்கள். கன்னங்கரேலென்று கிடக்கிறது, ஒரு கோடு கிடையாது. இதில் யாருக்கு எவ்வளவு இடம் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பிறகு பெயின்ட் வண்டி வருகிறது. பழைய கோடு எங்கே இருந்ததோ அங்கேயே புதிய கோட்டையும் இழுத்துவிட்டுப் போய்விடுகிறது.

என் சண்டையெல்லாம் இந்த இடத்தில்தான். கோடு எப்படியும் போடத்தான் போகிறீர்கள். ஆள் கூலியும் பெயின்ட் விலையும் எஸ்டிமேட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தக் கோட்டை அரை மீட்டர் நகர்த்திப் போட்டால் எந்தக் கஜானா காலியாகிவிடும்?

“இடம் எங்கே ஐயா இருக்கிறது?” என்பார்கள். சந்து பொந்துகளுக்கெல்லாம் நான் கேட்கவில்லை. பஸ்ஸும் லாரியும் பாய்கிற நான்கு தடச் சாலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒரு தடத்துக்கு மூன்றரை மீட்டர் கொடுப்பது வழக்கம். பஸ்ஸின் அகலமோ ஏறத்தாழ 2.6 மீட்டர்தான். தடத்தை 3 மீட்டராக்குங்கள். நான்கு தடத்துக்கும் சேர்த்து 2 மீட்டர் மிஞ்சுகிறது, பக்கத்துக்கு ஒரு மீட்டர். ஓரத்தில் பொழுதெல்லாம் தூங்கும் கார்களைக் கிளப்பினால் இன்னும் கிடைக்கும். தடம் குறுகினால் வண்டிகளின் வேகமும் குறையும் என்பார்கள். குறையட்டுமே! பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைவது யாருக்கு நஷ்டம்?

“இந்தக் காலத்தில் சைக்கிளில் யார் போகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. இதைக் காரில் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலான மற்ற வேலைகளைச் செய்தவர்களில், இந்தியாவில் 100க்கு 13 பேர் சைக்கிளில் போனார்கள். காரிலோ ஜீப்பிலோ போனவர்கள் 3 பேர்கூட இல்லை. அந்த 3 பேருக்காகத்தான் சாலை; 13 பேருக்குச் சாக்கடை ஓரம்! அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் பெருகியிருப்பது வாஸ்தவம். ஏன் பெருகிற்று? வசதி வந்தது ஒரு காரணம். உயிர்ப் பயம் இன்னொரு காரணம். பெண்ணைச் சைக்கிளில் அனுப்பத் துணியாத தகப்பன் கடன் வாங்கி ஒரு ஸ்கூட்டர் வாங்குகிறான். வாங்க முடியாதவன் சைக்கிளிலேயே போகிறான். கட்டட வேலைக்காரன், காவற்காரன், பூ விற்கிறவன் எல்லாம் விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள். எண்ணிப் பார்க்கிற ஆபீசர் கண்ணில் அவர்கள் படுவதேயில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதவும் அவர்களுக்கு நேரமில்லை.

“கோடு போட்டால் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் அதில்தானே புகும்?” என்கிறார்கள். புகும், நம் ஜனங்களை எனக்கும் தெரியும். அதனால்தான் வெறும் கோடு போதாது, கோட்டோடு கோடாகக் கல்லும் பதிக்க வேண்டும் என்கிறேன். அதற்குக் கொஞ்சம் செலவு பிடிக்கும். திருடன் வருவான் என்பதற்காகக் கதவு வைக்காமலா வீடு கட்டுகிறோம்?

சட்டம் போதவில்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. சைக்கிள் பாதையை எப்படிப் போடுவது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962இலேயே எழுதி வைத்துவிட்டது. 2015இல் அதைத் திருத்தியும் எழுதிற்று. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதல் மரியாதை என்று சென்னை மாநகராட்சி 2014இல் ஒரு கொள்கையே வகுத்தது. அந்த எல்லைக்கு அப்பால், ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சிகளாயின. பெயர்ப்பலகை மாறிற்று, சாலையின் ஓரம் மாறவில்லை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரம் 2019இல் ஒரு விதி செய்தது: சைக்கிள் திட்டத்தில் குறிக்கப்பட்ட சாலையைத் திருத்தி அமைக்கும்போது, பிரித்துக் காட்டிய சைக்கிள் பாதையையும் சேர்த்தே அமைக்க வேண்டும். தனி நிதி வரட்டும், தனிக் கமிட்டி கூடட்டும் என்று காத்திருப்பதில்லை. எப்படியும் நடக்கப் போகிற வேலையோடு இந்த வேலையும் முடிந்துவிடுகிறது.

நான் கேட்பதும் அவ்வளவே. நெடுஞ்சாலைத் துறையானாலும் நகராட்சியானாலும், புறநகர்ப் பெருஞ்சாலைக்குத் தார் போடும் ஒவ்வொரு டெண்டரிலும் சைக்கிளுக்கு ஒரு வரி இருக்கட்டும். இடமில்லை என்றால், ஏன் இல்லை என்பதை இஞ்சினீயர் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இப்போது அந்தச் சிரமம்கூட யாருக்கும் இல்லை. பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு விழுகிறது. ஒன்றும் தீர்மானிக்கவில்லை என்று நினைத்துக் கொள்கிறார்கள். இன்னும் ஐந்தாறு வருஷத்துக்கு அந்தப் பெண்ணுக்கு இடமில்லை என்று தீர்மானித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.