வலியைப் பற்றிய கேள்வி

அமெரிக்க மருத்துவமனைகளில் எடுக்கப்படும் எச்காப்ஸ் என்னும் நோயாளர் கருத்தாய்விலிருந்து வலி குறித்த வினாக்கள் 2019 அக்டோபர் முதல் அடியோடு நீக்கப்பட்டிருப்பது தவறான முடிவு. நோயாளியின் மனநிறைவு மதிப்பெண் மருத்துவமனைக்குக் கிடைக்கும் பணத்தைத் தீர்மானித்தால், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநீக்கிகள் தாராளமாக எழுதித் தரப்படும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், அந்தப் பண இணைப்பை 2018 நிதியாண்டிலேயே துண்டித்துவிட்டது. அதன்பின் கேட்கப்பட்ட வினாக்களும் வலி தணிந்ததா என்று வினவாமல், வலியின் அளவையும் அதற்கான சிகிச்சையையும் பற்றி ஊழியர்கள் நோயாளியிடம் பேசினார்களா என்றே வினவின. அறுவை சிகிச்சைக்குப் பின் வலி முற்றிலும் நீங்காத நிலையிலும், அழைத்தவுடன் வந்து, இன்ன மருந்து இன்ன நேரத்தில் தரப்படும் என்று விளக்கும் செவிலியரால் நோயாளி நிறைவடைவது உண்டு. மாத்திரையோடு தொடர்பற்ற இந்தக் கவனிப்பை அளக்கும் வினாக்களை, பணத்தோடு பிணைக்காமல், உடனே மீண்டும் சேர்க்க வேண்டும்.