பட்டறைப் பாடம்: நிற்கும் தகடும் நகரும் தகடும்

கடைசல் யந்திரத்தின் முன்னோ ஃபிட்டர் மேசையின் முன்னோ நின்று உழைக்கும் ஒருவரேனும் இல்லாத இல்லம் நமது சங்கத்தில் குறைவு. அவ்விளைஞர்களின் கருவிப் பெட்டியில் தவறாது காணப்படும் பொருள் ஒன்று உண்டு. பட்டறையில் அதனை 'டிஜிட்டல் வெர்னியர்' என்பர். அதன் இரு தாடைகளையும் ஒரு பொருளின்மீது பொருத்திய கணமே சிறு சாளரத்தில் அளவு எண்ணாகத் தோன்றுகிறது. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை அது கூறுகிறது. உள்ளே சுழலும் பற்சக்கரம் இல்லை. ஒளி வீசும் விளக்கும் இல்லை. பின்னர் அஃது எங்ஙனம் அறிகிறது? இம்மாதம் இதனை ஆராய்வோம்.

நாம் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிப்போமேயன்றி, அரமும் உளியும் பிடித்து அறியோம். ஆயினும் மெட்ரிகுலேஷன் வகுப்பில் கற்ற மின்சாரப் பாடமே இதற்குப் போதும் என்று கண்டோம். ஆகவே இல்லத்தார் அனைவர்க்கும் இது விளங்கும் என்னும் துணிவோடு எழுதுகிறோம்.

முதலில் பழைய வெர்னியரைப் பற்றி ஒரு சொல். பிரெஞ்சு மொழி வழங்கும் நாட்டினரான பியேர் வெர்னியே என்பார் 1631-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. இன்று நமது பட்டறைகளில் வழங்கும் கருவியில், நிற்கும் தண்டிலுள்ள 49 மில்லிமீட்டர் நீளம், நகரும் தலையில் 50 சம பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு கோடுகளில் எவ்விரண்டு நேர்ப்படுகின்றன என்று கண்ணால் கண்டு, 0.02 மில்லிமீட்டர் வரை அளவு சொல்லலாம். நல்ல வெளிச்சமும் நல்ல பார்வையும் இதற்கு வேண்டும். கண்ணின் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைத்ததே புதிய கருவியின் சிறப்பு.

மின்சாரம் நீளத்தை அளப்பது எப்படி? வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி மெதுவாகிவிட்டால் மின்பணியாளர் வந்து 'கண்டென்சர்' மாற்றுகிறார் அன்றோ? நூல்களில் மின்தேக்கி எனப்படுவது அதுவே. ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே நிற்கும் இரு உலோகத் தகடுகளே அதன் சாரம். அவற்றிடையே மின்னூட்டம் தேங்கும். தேங்கும் திறன் மூன்றைப் பொறுத்தது. தகடுகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்படும் பரப்பு மிகுந்தால் திறன் மிகும். இடைவெளி மிகுந்தால் திறன் குறையும். இடையே உள்ள பொருள் காற்றா, எண்ணெயா, நீரா என்பதைக் கொண்டும் அது மாறும்.

பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்த்த பெரியவர்கள் இன்னும் எளிதில் உணர்வர். நிலையத் திருகைத் திருப்பும்போது, அரைவட்டத் தகடுகளின் அடுக்கு ஒன்று நிலையாக நிற்கும் மற்றோர் அடுக்கினூடே புகுந்து புகுந்து வெளிவரும். அதற்குக் காங் கண்டென்சர் என்று பெயர். தகடு நகர நகர எதிர்ப்படும் பரப்பு மாறுகிறது. பரப்பு மாற மின்தேக்குத் திறன் மாறுகிறது. அதனால் நிலையமும் மாறுகிறது. தகட்டை நகர்த்தித் திறனை மாற்றியது ரேடியோ. திறனை அறிந்து, தகடு எவ்வளவு நகர்ந்தது என்று கூறுவது நமது அளவுகருவி. ஒரே கணக்கின் இரு பக்கங்கள் இவை.

ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள இரு தகடுகளை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், கிடைக்கும் திறன் ஏறத்தாழ 9 பிகோஃபாரட் மட்டுமே. மின்விசிறியில் வழக்கமாகப் பொருத்தப்படும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரோடு ஒப்பிட்டால், இது 2,80,000-இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய திறனைக் கொண்டு அளக்கும்போது, தலை சற்றே ஆடி இடைவெளி மாறினாலும், காற்றில் ஈரம் கூடினாலும், அதனையும் நகர்வு என்று கருவி எண்ணிவிடும். கருவியை அமைத்தோர் இதனை எவ்வாறு வென்றனர் என்பதே சுவையான பகுதி.

ஆதி தாளத்தை நினைத்துக் கொள்க. எட்டுப் பேர் வரிசையாக நின்று அதே தாளத்தைப் போடுகின்றனர். ஆயினும் ஒவ்வொருவரும் தமக்கு முன்னவரினும் ஓர் எண்ணிக்கை பின்தங்கித் தொடங்குகிறார். எதிரே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அவ்வரிசையை ஒட்டி நடக்கிறார். அவர் காதில் விழும் தட்டு எப்போது விழுகிறது என்பதைக் கொண்டே, தாம் யாருக்கு எதிரே நிற்கிறோம் என்று அவர் கூறிவிடலாம். இருவருக்கு நடுவே நின்றால், இருவர் தட்டும் கலந்து இடைப்பட்ட காலத்தில் விழுவதாகத் தோன்றும். வரிசையை விட்டு அவர் ஓரடி பின்வாங்கினால் ஓசை தணியும். தாளத்தின் காலமோ மாறாது.

கருவியின் நகரும் தலைக்குள் இவ்வாறே எட்டெட்டாக அணிவகுத்த சிறு தகடுகள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக எட்டில் ஒரு பங்கு காலம் தாழ்த்திய மின்துடிப்புகள் அவற்றுக்குத் தரப்படுகின்றன. தண்டின்மேல் ஒட்டிய அளவுப் பட்டையின் அடியில், கம்பித் தொடர்பு ஏதுமின்றி, சீரான இடைவெளியில் செப்புத் தகடுகள் பதிந்துள்ளன. தலையிலிருந்து வரும் துடிப்பை அவை ஏற்று, தலையிலேயே உள்ள வேறொரு தகட்டுக்குத் திருப்பியனுப்புகின்றன. திரும்பி வந்த துடிப்பின் காலத்தைச் சிறு மின்சுற்று கணிக்கிறது. துடிப்பின் வலிவை அது பெரிதாகக் கொள்வதில்லை. ஆகவே இடைவெளி சிறிது மாறினாலும் அளவு பிறழ்வதில்லை. ஒரு முழுச் சுற்று 5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கொண்டால், அதனை 500 பாகமாகக் கணித்தால் 0.01 மில்லிமீட்டர் கிடைக்கும். வேலை முழுவதற்கும் ஒன்றரை வோல்ட் பொத்தான் மின்கலம் ஒன்றே போதும்.

இம்முறைக்கு ஸ்வீடன் நாட்டினரான நில்ஸ் இங்வார் ஆண்டெர்மோ 1983-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டுக்கு அளவியலில் பழம்பெருமை உண்டு. பட்டறைகளில் 'ஸ்லிப் கேஜ்' எனப்படும் எஃகுக் கட்டைகளை வகுத்தவர், அந்நாட்டு எஸ்கில்ஸ்தூனா நகரத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணிபுரிந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 1896-இல் அவ்வெண்ணம் தோன்றிய பின், வீட்டுத் தையல் யந்திரத்தையே மாற்றியமைத்து அதிற்கொண்டு கட்டைகளைத் தீட்டினார் அவர். செல்வம் மிக்க ஆய்வுக்கூடம் இருந்தால்தான் நுட்பம் பிறக்கும் என்பதில்லை என்பதற்கு இது சான்று.

இனி, நமது இளைஞர்கள் கருத்தூன்ற வேண்டிய இடத்திற்கு வருவோம். எட்டுப் பேருக்கு எதிரே நடப்பவர், தாம் நாலாமவருக்கு எதிரே நிற்பதாகக் கூறலாம். எத்தனை வரிசைகளைக் கடந்து வந்தார் என்பதை அத்தாளம் தானாகக் கூறாது; அதனை அவர் எண்ணிக்கொண்டே வந்திருக்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் வெர்னியரும் அப்படியே. தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை சுற்று என்று அது எண்ணி வருகிறது. தொடங்கிய இடம் எது? 'ஜீரோ' பொத்தானை அழுத்துபவர் காட்டிய இடமே. நகரும் தகட்டின் நிலை, நிற்கும் தகட்டை ஒட்டிய நிலை மட்டுமே. உண்மையான நீளம் எதுவென்று கருவிக்குத் தெரியாது.

இதனால் விளைந்த துன்பம் ஒன்றை நாம் அறிவோம். நமது குடியிருப்பைச் சேர்ந்த தம்பி ஒருவர் சிறு பட்டறை ஒன்றில் பித்தளை புஷ் கடைந்து வந்தார். துளை 20.00 முதல் 20.05 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். அவர் கருவி ஒவ்வொன்றுக்கும் 20.02 என்றே காட்டியது. சோதனையிலோ 20.08 என்று வந்தது. காலையில் ஜீரோ வைக்கும்போது தாடைகளிடையே மயிரிழைப் பருமனுள்ள, அதாவது 0.06 மில்லிமீட்டர், பித்தளைத் துகள் ஒன்று சிக்கியிருந்தது. அத்துகளின் பருமனைக் கருவி ஜீரோ என்று கொண்டது. எனவே பின்னர் அளந்த துளை யாவும் அவ்வளவு குறைவாகவே தோன்றின. துளை சிறிதாயிருந்தால் மீண்டும் கடையலாம். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க வழியில்லை. புஷ்கள் கழிவுக்குப் போயின. அவ்வாரக் கூலியில் பிடித்தம் விழுந்தது. ஊரிலிருந்த தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய பணம் அது. புதிதாக வந்தவருக்கு ஜீரோ வைக்கும் முறையைச் சொல்லித்தர அப்பட்டறையில் ஒருவரும் முன்வரவில்லை. பிடித்தம் செய்ய மட்டும் கணக்குப் புத்தகம் தயாராயிருந்தது.

"மிஷின் பொய் சொல்லிவிட்டது" என்று உடனிருந்தோர் ஆறுதல் கூறினராம். கருவி பொய் சொல்லவில்லை. தன்னிடம் காட்டப்பட்ட தொடக்கத்திலிருந்து சரியாகவே எண்ணிற்று. தொடக்கத்தைக் காட்டுவது மனிதன் கை. அதனைத் துடைத்துக் காட்டுவதும் மனிதன் கையே.

ஆகவே சில குறிப்புகள். ஜீரோ வைக்குமுன் தாடைகளைத் தூய துணியால் துடைத்து, மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையே ஒளிக்கீற்று தெரியலாகாது. அளவு தெரிந்த கட்டை ஒன்றை நாளுக்கு இருமுறையேனும் அளந்து சரிபார்த்தல் நன்று. அளவுப் பட்டைமீது கூலன்ட் நீர் படியவிடலாகாது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 80 மடங்கு மின்தேக்குத் திறனைக் கூட்டும் இயல்புடையது. ஒரு மெல்லிய நீர்ப்படலமே எண்ணைத் தாறுமாறாக்கிவிடும். எண்கள் தாமே துள்ளினால் முதலில் ஈரத்தையும் மின்கலத்தையும் ஐயுறுக. மலிவான கருவிகள் பலவற்றில், சாளரம் அணைந்த பின்னும் உள்ளே எண்ணும் வேலை நடப்பதால், பெட்டியில் இருக்கும்போதே மின்கலம் தீர்ந்து போகும். மாற்று ஒன்று கையில் இருக்கட்டும். இன்னொன்று: சாளரம் 0.01 என்று காட்டுவதால் அளவு அவ்வளவு துல்லியம் என்று கொள்ளற்க. 150 மில்லிமீட்டர் நீளக் கருவிக்கு உற்பத்தியாளர் பொதுவாக உறுதி கூறுவது, கூடவோ குறையவோ 0.02 மில்லிமீட்டர் வரையே. அதனினும் நுண்ணிய வேலைக்கு மைக்ரோமீட்டரோ துளை அளக்கும் கேஜோ கேட்டு வாங்குக. கேட்பதில் இழிவில்லை.

பட்டறைக்குச் செல்லாத அன்பர்களும் இத்தகடுகளோடு நாள்தோறும் பழகுகின்றனர். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் திரும்புகிறது அன்றோ? அதனுள்ளே சீப்பின் பற்கள் போன்ற நுண்ணிய தகடுகள் உண்டு. ஒரு வரிசை அசையாது நிற்க, மற்றொன்று புவியீர்ப்பினால் மயிரிழையினும் சிறிதாக நகர்கிறது. அந்நகர்வை மின்தேக்குத் திறனின் மாற்றமாக உணர்ந்தே கைப்பேசி மேல் எது, கீழ் எது என்று அறிகிறது.

ஐ.டி.ஐ.யில் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். எண் காட்டும் கருவி வந்துவிட்டதே என்று பழைய வெர்னியரை ஒதுக்க விடாதீர்கள். கோடு பார்த்து அளக்கக் கற்ற பிள்ளை, சாளரத்தில் தோன்றும் எண் பொருந்துமா பொருந்தாதா என்று தானே ஐயுறுவான். பழைய வெர்னியரை வைத்திருக்கும் மூத்த தொழிலாளர்கள் நமது சங்கத்தில் பலர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இளையோரை அருகில் அமர்த்தி அவர்கள் கற்பிப்பாராயின், அடுத்துப் பட்டறை ஏறும் தம்பி ஒருவரின் வாரக் கூலியேனும் பிடித்தமின்றி வீடு வந்து சேரும்.