'கண்டுக்காதே, விட்டுடு' போதுமா? கேலிக்கு ஆளாகும் ஆட்டிசம் குழந்தைக்கு எதைக் கற்றுத்தருவது?

ஓசூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழும் ஆங்கிலமும். மற்ற பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி கலந்து ஜோக் அடிப்பார்கள். இவனுக்கு ஆட்டிசம். சொன்னதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிவதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். பாதி நேரம் அந்தச் சிரிப்பே இவனைப் பார்த்துத்தான்.

பின்பெஞ்சில் இருப்பவன் பென்சிலால் குத்திக்கொண்டே இருப்பான், சத்தமே இல்லாமல். பத்தாவது குத்துக்கு இவன் கத்துவான். டீச்சர் திரும்பும்போது கண்ணில் படுவது கத்தியவன் மட்டும்தான். வகுப்புக்கு வெளியே போய் நிற்பவனும் அவனேதான்.

வீட்டில் கிடைக்கும் அறிவுரை நமக்கெல்லாம் மனப்பாடம்: "கண்டுக்காதே, விட்டுடு." என்னைக் கேட்டால், இதைவிட உதவாத அறிவுரை இல்லை. சீண்டுபவனுக்கு வேண்டியது ரியாக்‌ஷன். பேசாமல் இருந்தால், அது கிடைக்கும்வரை சீண்டுவான்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற பயிற்சி வேறு வழி சொல்கிறது. வாய்க்கேலி என்றால் ஒரே ஒரு சின்னப் பதில், அதுவும் சலிப்பான குரலில். பிறகு அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். நம்மூருக்கு "சரி, அதுக்கென்ன இப்போ?" போதும். திருப்பித் திட்டவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் அடி, மிரட்டல், காசு பிடுங்குவது என்றால் இந்த வசனம் எடுபடாது. நேராகப் பெரியவர்களிடம் போக வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் அப்பாவும் இதைச் செய்யலாம், பத்து நிமிஷம் போதும். நீங்கள் கேலி செய்பவராக நடியுங்கள். அவனை நிஜமாகவே காயப்படுத்திய வார்த்தையை எடுக்காதீர்கள். "உன் ஷூ நல்லாவே இல்ல" போல லேசாக ஒன்று போதும். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சிக்கலானது நட்பு வேஷத்தில் வரும் கொடுமை. "இதைச் செய்டா, உன்னை டீம்ல சேர்த்துக்குறோம்" என்பார்கள். செய்து மாட்டிக்கொள்வது இவன். நண்பர்கள் என்றே நம்புவதால் வீட்டில் சொல்லவும் மாட்டான். "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "இன்டர்வெல்ல யார்கூட நின்ன? யாராவது எதையாவது செய்யச் சொன்னாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எல்லாப் பயிற்சியும் இவனுக்கு மட்டும்தானா? ஆட்டிசம் உள்ள சமூகவியல் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. இவனுக்கு அவர்களைப் புரியவில்லை என்றால், அவர்களுக்கும் இவனைப் புரியவில்லை. பின்லாந்தில் உருவான 'கிவா' திட்டம், அடிபடுபவனைத் தாண்டி, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் மாணவர்கள் மீது கவனம் வைக்கிறது. சிரிக்க ஆள் இல்லையென்றால் பாதிக் கேலி அங்கேயே நின்றுவிடும்.

2024 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அரசுப் பள்ளிக்குப் பேச வந்தவர், மாற்றுத்திறனை முன்ஜென்மப் பாவத்தோடு முடிச்சுப் போட்டார். பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். ஒருவர் வாய் திறந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. பேசியவர் செப்டம்பரில் கைதானார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 92ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஏழாம் வகுப்புப் பையன் மீது கேஸ் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பள்ளிக்குத்தான் சொல்கிறேன். மாணவருக்கு மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் தடுக்கிறது. கத்தியவனைத் தினமும் வெளியே நிறுத்துவதை வேறு என்னவென்று சொல்வது?

நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூருவில், அதுவும் ஓசூர் ரோட்டிலேயே. ஆனால் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டிப் போய்வர ஒரு நாள் லீவு போகும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் வகுப்பாசிரியருக்கு மெயிலாகவே எழுதிவிடுங்கள், வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். இடைவேளையில் மைதானத்தில் எந்த ஆசிரியர் நிற்கிறார்? இவனோடு ஒத்துப்போகும் ஒரு மாணவனைப் பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா? பதற்றம் கூடினால், தண்டனையாக இல்லாமல், அவன் போய் உட்கார அமைதியான இடம் எது? ஒரு வாரம் பாருங்கள். பதில் வராவிட்டால் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.