பழகியதைத் துறத்தல்

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில், குன்றைக் குடைந்து அமைத்த கோவில் ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி அஃது அமைக்கப்பட்டதாக, முதலாம் மகேந்திரவர்மனின் கி.பி. 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுக் கூறுகிறது. வழிவழியாகப் பழகிய பொருள்களை அம்மன்னன் விலக்கினான்; ஆயினும் கோவிற்கலை குன்றவில்லை. பாறையும் உளியும் அதற்குப் புதுவாழ்வு அளித்தன. மின்னாக்கத்தில் இந்தியா இன்று எதிர்கொள்ளும் வினாவும் இத்தகையதே: பழகிய நிலக்கரியைத் துறக்க இயலுமா?

மண்டகப்பட்டை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டமே தமிழகத்திற்குப் பழுப்பு நிலக்கரியையும் வழங்கியது. நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962இல் அங்கு மின்னாக்கம் தொடங்கியது. உழவர் பலர் இழந்த நிலத்திலிருந்து ஊர்களுக்கு ஒளி கிடைத்தது. வயல்களில் நீரிறைக்கும் பொறிகள் இயங்கின. நிலக்கரியைப் பழிப்போர் இதனை மறத்தல் தகாது.

ஆயினும், நன்றி என்பது கண்மூடித்தனம் அன்று. இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே பெறப்பட்டு வந்துள்ளது. அனல்மின் நிலையச் சாம்பல் மண்ணையும் நீரையும் மாசுபடுத்துகிறது. கரியமில வாயு புவியின் வெப்பத்தை உயர்த்துகிறது.

1882இல் இலண்டனில் நிலக்கரி மின்னிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், தன் இறுதி நிலக்கரி மின்னிலையத்தை 2024இல்தான் மூடியது. 142 ஆண்டுகள் பயன் துய்த்தோர், வளரும் நாடுகளை விரைந்து கைவிடச் சொல்வது முறையோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. எனினும், பிறர் செய்த பிழை அதனைத் தொடர்வதற்கான உரிமை ஆகாது. கடல்மட்டம் உயர்ந்தால், அது மரக்காணத்து மீனவர் குடிசையையும் விட்டுவைக்காது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றும், கமுதியில் கதிரொளியும் மின்சாரமாகின்றன. ஆனால், அந்தி சாய்ந்தால் கதிரொளி இல்லை. பருவம் மாறினால் காற்றும் தளரும். எனவே, மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடுகள் பெருகவேண்டும். சுரங்கத்தை நம்பி வாழும் தொழிலாளர்க்கு மாற்றுத்தொழில் முன்னரே அமையவேண்டும். நிலம் கொடுத்தோர் ஒருமுறை இழந்தனர். அவர்தம் பிள்ளைகள் வேலையையும் இழத்தல் அறமன்று.

மண்டகப்பட்டில் பழையன விலக்கப்பட்டபோது, பாறையும் அதனைக் குடையும் திறனும் ஆயத்தமாக இருந்தன. துறத்தல் மட்டும் போதாது. துறந்தபின் தாங்கும் பாறையும் வேண்டும். அதனை ஆக்குவதே இத்தலைமுறையின் கடமை.