மறைந்தவருக்கு அடுத்த பாடல் உண்டா?

பாடகர் ஒருவரின் குரலைப் பற்றி இளைஞர்கள் கூடிப் பேசுவதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கும் வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் உண்டு. இலக்கண வகுப்பில் வாய் திறவாத மாணவர், உணவு இடைவேளையில் ஒரு பாடலின் குரலையும் உச்சரிப்பையும் குறித்து அரைமணி நேரம் வாதிடுவார். அத்தகைய வாதம் ஒன்றை அண்மையில் அருகிருந்து கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கேட்ட பின்னர் அதனை வெட்டிப் பேச்சு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பேச்சு, பாடகர் சாகுல் ஹமீதைப் பற்றியது. உசிலம்பட்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவர், அந்தக் குரலை மீண்டும் புதிய பாடலில் கேட்க முடிந்ததே பெரும்பேறு என்றார். மேலூர்ப் பக்கத்து மாணவர் அதை ஏற்கவில்லை. சாயல் இருக்கிறது, ஆனால் அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லை அழுத்துவார் என்பது அதில் இல்லை என்றார். மூன்றாமவர் கேட்ட கேள்விதான் நம்மை நிற்க வைத்தது: "அடுத்து அவரை அனிருத் இசையில் பாட வைத்தால் எப்படி இருக்கும்?" சாகுல் ஹமீது 1997ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்தவர். இம்மூவரும் அப்போது பிறக்கவே இல்லை.

ஏ.ஆர். ரகுமானின் தொடக்க காலப் பாடல்களை அறிந்தோர் சாகுல் ஹமீதை மறந்திருக்க மாட்டார்கள். 'ஜென்டில்மேன்' (1993) படத்தில் உசிலம்பட்டியின் பெயரோடு தொடங்கும் பாடலைச் சுவர்ணலதாவுடன் இணைந்து பாடியவர் அவரே. அதே ஆண்டில் வெளிவந்த 'திருடா திருடா' படத்தில், இசைக்கருவிகளைப் பெரிதும் விலக்கி மனிதக் குரல்களையே துணையாகக் கொண்ட பாடலையும் அவர் பாடினார். அந்நாளில் நாம் பள்ளி மாணவர். பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒலிநாடாவில் பதிந்து தரும் கடைகள் மதுரையில் இருந்தன. நம் பட்டியலில் அவர் பாடல்கள் தவறாது இடம்பெறும். திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் செல்லும் பேருந்துகளில் அக்குரல் ஒலிக்கும்போது, அது நம் ஊர்க்காரர் ஒருவரின் குரல் என்றே தோன்றும்.

அக்குரல் 2024ஆம் ஆண்டு மீண்டும் கேட்டது. ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'லால் சலாம்' படத்தின் பாடல் ஒன்றில், 2022 செப்டம்பரில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவின் துணையோடு உருவாக்கப்பட்டன. இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக ரகுமான் 2024 சனவரியில் வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு சனவரி 25ஆம் நாள் மறைந்த பவதாரிணியின் குரலை, அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா 'தி கோட்' படப் பாடலில் இவ்வாறே ஒலிக்கச் செய்தார். உடன்பிறந்தாளை இழந்த தம்பியின் அன்பை நாம் குறை கூறவில்லை. கேட்டுப் பெற்று, கூலியும் கொடுத்த ரகுமானின் நேர்மையையும் மறுக்கவில்லை. கேளாமல் எடுத்தோரும் உண்டு. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020இல் மறைந்தார். 2023இல் வந்த தெலுங்குப் படம் ஒன்றில் அவர் குரல் தம் இசைவின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி, அவர் குடும்பத்தார் சட்டப்படி அறிவிக்கை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆயினும், குடும்பத்தாரின் இசைவு ஒன்றே போதுமா என்பதே நம் கேள்வி. இதற்கு விடை காணக் குரல் என்பது யாது என முதலில் தெளிதல் வேண்டும்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தின் பிறப்பை விளக்குகிறார். உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு இயைந்து ஒலியாகிறது என்பது அவர் கருத்து. ஒலிக்கு முன்னே காற்று, காற்றுக்கு உரிய உடல் என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. எந்திரத்தின் வழி வேறு. பாடகரின் பழைய பதிவுகளிலிருந்து குரலின் சாயலை அது கற்றுக்கொள்கிறது. பிறகு, பெரும்பாலும், வேறொருவர் புதிய பாடலைப் பாடுகிறார். அவர் பாடியதன் மீது மறைந்தவரின் சாயல் ஏற்றப்படுகிறது. அப்போது மூச்சும், இழுப்பும், அழுத்தமும் உயிரோடிருக்கும் ஒருவருடையவை. பெயரும் புகழும் மறைந்தவருடையவை. பின்னணிப் பாடகருக்கும் பின்னே மற்றொருவர் பெயரின்றி நிற்கிறார். மேலூர் மாணவர் மூச்சைத் தேடியது எத்துணை நுட்பமான திறனாய்வு என்பது இப்போது விளங்கும்.

இங்கு மதுரை மண்ணின் மைந்தர் டி.எம். சௌந்தரராசனை நினைக்காமல் இருக்க முடியாது. 1922இல் இந்நகரில் பிறந்து 2013இல் மறைந்த அவருக்கு 2023இல் இங்கே சிலை எழுப்பப்பட்டது. எம்.ஜி.ஆருக்குப் பாடும்போது ஒரு குரலும் சிவாஜிக்குப் பாடும்போது வேறொரு குரலும் அவரிடமிருந்து வந்ததை, தேநீர்க் கடைகளில் நம் தந்தையர் விடிய விடியப் பேசினர். மிடறு ஒன்றுதான். அதை எவருக்கு எவ்வாறு பயன்படுத்துவது என்று ஆய்ந்து தேர்ந்தது அவர் உள்ளம். ஆகவே குரல் என்பது வெறும் சாயல் அன்று, அது தேர்வு. ஒரு பாடலை இப்படிப் பாடுவேன் என்பதும், இதைப் பாட மாட்டேன் என்பதும் அத்தேர்வில் அடங்கும். மறைந்தவருக்கு மறுக்கும் வாய்ப்பு இல்லை. மறுக்க இயலாத ஒருவரைப் பாட வைத்தல் எங்ஙனம் பாடல் ஆகும்?

தொழில்நுட்பம் முழுவதும் தீது என்பது நம் கொள்கை அன்று. 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவின் பாடல் ஒன்று வெளிவந்தது. 1980இல் கொல்லப்பட்ட ஜான் லெனன், 1970களில் வீட்டில் பாடி ஒலிநாடாவில் பதிந்திருந்த குரலை, உடன் ஒலித்த பியானோ ஓசையிலிருந்து எந்திர அறிவால் பிரித்தெடுத்துத் துலக்கினர். அங்கே பாடியவர் லெனனே. தூசு துடைத்தல் வேறு. இல்லாததைப் படைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை இசை கேட்போர் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு, நம்மை மிக வருத்துவது இதுவே. 1992இல் 'ரோஜா' வந்தபோது ஹரிஹரன் தமிழுக்குப் புதியவர். 1994இல் 'காதலன்' வந்தபோது உன்னிகிருஷ்ணன் திரைக்குப் புதியவர். தொடக்கப் பாடல்களுக்கே தேசிய விருதும் பெற்றார். சாகுல் ஹமீதும் அவ்வாறு பழகாத குரல்களுக்குக் கதவு திறந்த காலத்தில் ஒலித்தவரே. அன்று இந்த எந்திரம் இருந்து, மறைந்துபோன பழம்பெரும் பாடகர் ஒருவரின் குரலே போதும் என இசையமைப்பாளர்கள் எண்ணியிருந்தால், ஹமீதுக்கு அந்த இடம் கிடைத்திருக்குமா? இன்று அவர் குரலை மீண்டும் எழுப்புவோர், இன்னொரு ஹமீதுக்கு உரிய இடத்தை அறியாமலே அடைத்துவிடக் கூடும். உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் கல்லூரி விழா மேடையோடு நின்றுபோகும் குரல்கள் எத்தனை என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்.

சட்டம் மெல்லவே நடக்கிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் (1957), 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பாடுவோர், நடிப்போர் முதலியோரின் உரிமையை ஏற்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதை விரிவாக்கியது. ஆனால் அது காப்பது பாடிய பாடலை. பாடாத பாடலை எவர் பெயரில் எழுதுவது என்ற சிக்கல் அதன் நாளில் எழவில்லை. 2024 சூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவர் இசைவின்றி எந்திரத்தில் உருவாக்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் அதே ஆண்டு மார்ச்சில் குரலைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் வாழ்பவர் வழக்காடலாம். மறைந்தவர் வழக்காட இயலாது.

எனவே நாம் மூன்றை வலியுறுத்துகிறோம். பாடுவோர் தம் குரலை மறைவுக்குப் பின் பயன்படுத்தலாமா, எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வாழும் காலத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும். வீடும் நிலமும் குறித்து உயில் எழுதுவோர், ஊரே அறிந்த குரலைக் குறித்தும் எழுதலாமே! அவ்வாறு எழுதப்படாத குரல், பிறரிடம் விடப்பட்ட அமானிதம். பாதுகாப்பது கடமை, செலவிடுவதற்கு உரிமை குறைவு. அடுத்து, எந்திரத்தால் ஆன குரல் என்பதைப் பாடகர் பட்டியலிலேயே தெளிவாக அச்சிடல் வேண்டும். மூன்றாவதாக, அதன் அடியில் நின்று உண்மையாகப் பாடியவர் பெயரும் அருகிலேயே இடம்பெறல் வேண்டும்.

இவற்றைக் கேட்டுப் பெறும் ஆற்றல் யாரிடம் உள்ளது? குரலைப் பற்றி ஓயாது பேசும் இரசிகர்களிடமே உள்ளது. அடுத்த பாடல் எப்போது, யாரோடு என்று கேட்கும் நாக்கு, பாடியவர் உண்மையில் யார், அவர் இசைந்தாரா என்றும் கேட்கட்டும். அன்று கேள்வி எழுப்பிய மாணவருக்கு நாம் சொன்ன விடையும் இதுவே: "ஹமீதுக்கு அடுத்த பாடல் இல்லை, தம்பி. அவர் பாடியவை இருக்கின்றன, அவற்றைக் கேள். அடுத்த பாடலைப் பாட வேண்டியவர் உங்களில் ஒருவர்."